மைத்துனர் தந்த கேமரா தேறிய விதம்

தொகொரோசாவா,
மார்ச் 9

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் ஓத்சுபோ ஷிகெஹாரு அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஃபூமியேயின் கணவன் குசகாபே இசாவோ தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

இங்கே பிளம் பூக்கள் உதிர்ந்துவிட்டன. செர்ரி மொட்டுகள் வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. யோசிக்காமல் வந்து சேர்ந்தது தேவதாரு மகரந்தம் மட்டும்தான். அதன் புண்ணியத்தில் நான் காலையில் எழுந்ததும் தும்ம ஆரம்பித்து, பல் தேய்க்கும்போது தும்மி, இந்தக் கடிதத்தின் முதல் தாளையும் தும்மலுக்கே பலி கொடுத்துவிட்டு, இரண்டாவது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அசாஹிகாவாவில் இன்னும் கூரை நிறையப் பனி இருக்கும். அதைத் தள்ளுவதற்குத் தாங்களே ஏணி ஏற வேண்டாம் என்று ஃபூமியே இங்கிருந்தே கத்துகிறாள். அவள் கத்தியதை நான் மரியாதையாக மாற்றி எழுதியிருக்கிறேன். தாங்கள் அனுப்பிய உருளைக்கிழங்குப் பெட்டி பத்திரமாக வந்தது. அவித்தும் பொரித்தும் மசித்தும் ஆகிவிட்டது, பெட்டியின் அடி இன்னும் தெரியவில்லை. அதற்காக மீண்டும் ஒருமுறை தலை வணங்குகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதத்தின் கடைசி வரியில், 'அது சரி, நான் கொடுத்த அந்த மிரர்லெஸ் கேமரா இந்தக் காலத்துக்கு ஈடுகொடுக்கிறதா?' என்று கேட்டிருந்தீர்கள். தாங்கள் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பீர்கள். ஆனால் இந்த வீட்டில் அந்த ஒரு வரி என்ன பாடு படுத்தியது என்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

நான் நகராட்சிக் குடிநீர்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று விருந்தில் தாங்கள் எழுந்து நின்று, தங்கள் கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, "மாப்பிள்ளை, இது வந்த வருஷம் இதை வாங்க விடியறதுக்கு முன்னாடியே போய்க் கடை வாசல்ல வரிசை கட்டி நின்னோம்யா. நாடே நின்னுச்சு!" என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. நான் அழுதேன். அதில் பாதி சாக்கே மது செய்த வேலை என்று ஃபூமியே சொல்வாள், நம்ப வேண்டாம். அந்த நாள் முதல் அந்தக் கேமராவோடு பென்தென் குளத்துக்கு மீன்கொத்தி படம் எடுக்கப் போய்வருகிறேன். நாடே வரிசையில் நின்று பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. நாடு இப்போது வேறு வரிசையில் நிற்கிறது. எனக்கும் அந்த வரிசையில் நிற்க ஆசை வந்தது என்பதை, தங்கள் தங்கையிடம் போன இலையுதிர்காலத்தில் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"எங்க அண்ணன் கழுத்துலேர்ந்து கழட்டிக் கொடுத்தது" என்றாள். "அது இந்தக் காலத்துக்கு ஆகாதுன்னு அண்ணனே தன் கையால எழுதி அனுப்பட்டும். மறுநாளே போய்ப் புதுசு வாங்கிக்கோங்க, நான் குறுக்க நிக்கல."

இதில் உள்ள பொறி தங்களுக்குப் புரிகிறதா? பரிசு கொடுத்தவரிடம் பரிசு சரியில்லை என்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமியார் கொடுத்த பூச்சாடியை, ஆமை மாதிரி இருக்கும் அதை, அந்த அம்மாள் வரும்போதெல்லாம் அலமாரியின் ஆழத்திலிருந்து எடுத்துத் துடைத்து வாசலில் வைத்து, போனதும் உள்ளே வைத்து, இப்படியே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். நாமெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள். ஆகவே நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்போதுதான் தங்கள் கடிதம் வந்தது. தாங்களே கேட்டுவிட்டீர்கள்! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதைதானே. நான் காலமெல்லாம் தண்ணீர் மீட்டர் பார்த்தவன். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அதே நேர்மையோடு தங்கள் கேமராவுக்கு ஒரு தேர்வு வைப்பது என்று முடிவு செய்தேன். முள் கொஞ்சம் கீழே இறங்கினால் நன்றாக இருக்கும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

தேர்வு நடந்த இடம் எங்கள் குளம். அங்கே தினமும் காலையில் ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு வரிசையாகக் கேமரா முக்காலியை நிறுத்திக்கொண்டு, ஒரே ஒரு கழியைப் பார்த்தபடி நிற்கிறோம். மீன்கொத்தி உட்காருவதற்காக யாரோ எப்போதோ நட்ட கழி அது. வரிசையின் முதல் இடத்தில் நிற்பவர் உசாமிசான், பல் வைத்தியராக இருந்தவர். அவருடைய லென்ஸ் என் முழங்கை நீளம். அதற்கு இலை தழை அச்சடித்த துணியில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார். எனக்குப் பக்கத்து இடம் காகெயாமாவுக்கு. பெரிய கடை ஒன்றில் காலுறைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவன், என் வயதுக்காரன், வாய் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையனுடையது. வரிசைக்குச் சில சட்டங்கள் உண்டு. அவரவர் இடம் அவரவருக்கு. பையை வரிசையில் வைக்கக் கூடாது, முக்காலி கால் தடுக்கும், ஆகவே பைகளெல்லாம் குளத்தின் வளைவைச் சுற்றிப் போனால் அக்கரையில் வரும் பெஞ்சில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், அடுத்தவர் கேமராவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது. முதல் நாள் தங்கள் கேமராவைப் பார்த்த உசாமிசான் கைகூப்பாத குறையாக, "ஆகா, இதுக்குன்னு ஒரு தனிக் குணம் இருக்குங்க" என்றார். நானும் குனிந்து குனிந்து நன்றி சொன்னேன். மூன்று வருஷம் அதை வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். போன மாதம்தான் காகெயாமா உண்மையை உடைத்தான்.

"யோவ், உசாமி ஒரு பல்லைப் பார்த்து 'குணம் இருக்கு'ன்னா, அதைப் பிடுங்கப் போறாருன்னு அர்த்தம்யா."

சரி, தேர்வுக்கு வருகிறேன். இந்தக் காலத்துக் கேமராவை எழுப்ப வேண்டியதே இல்லை, அது தூங்குவதில்லை. தங்களுடையதை எழுப்பினால் முதலில் ஒரு முனகல், பிறகு லென்ஸ் ஒருமுறை வெளியே வந்து உள்ளே போய் மறுபடி வெளியே வருகிறது, பிறகு தன் பெயரைத் திரையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறது, அதற்குள் மீன்கொத்தி பாய்ந்து மீனைப் பிடித்து, கழியில் அடித்துக் கொன்று, விழுங்கி, அலகைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. எழுந்த பிறகாவது சரியாக இருக்கிறதா என்றால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது இப்போது நடப்பது இல்லை, சற்று முன்னால் நடந்தது. தண்ணீரில் 'தொபுக்' என்று சத்தம் கேட்கும், ஆனால் வியூஃபைண்டரில் பறவை இன்னும் கழியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். ஆகவே நான் காதால் பார்த்துவிட்டு, பிறகு கண்ணால் உறுதி செய்துகொள்கிறேன். உசாமிசானின் கேமரா இதற்கு நேர்மாறு, அவர் அமுக்குவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொள்கிறது. அவர் அமுக்கியதும், 'ஐயா அமுக்கப் போகிறார் என்று தெரிந்து கொஞ்சம் முன்னாலிருந்தே எடுத்திருக்கிறேன்' என்று நீட்டுகிறது. அடுத்த மாதத்து மீட்டர் கணக்கை இந்த மாதமே எழுதியிருந்தால் என்னை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார்கள், ஆனால் அங்கே அதற்குப் பெயர் தொழில்நுட்பம்.

ஃபோகஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. புதிய கேமராக்கள் பறவை எங்கே என்று தாமே தேடி, பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போட்டுக்கொண்டு விடாமல் துரத்துகின்றன. தங்கள் கேமராவுக்குப் பறவையும் ஒன்றுதான், தேநீர்க் கெண்டியும் ஒன்றுதான். முதலில் நாணலைப் பிடிக்கும், அதைவிட்டு அக்கரைக்குப் போகும், அக்கரையில் முதியோர் இல்லத்துத் துணி காய்கிறது. அந்தத் துணியை அது எத்தனை துல்லியமாக எடுக்கிறது தெரியுமா! தையல் தெரியும். காகெயாமா தினமும் என் திரையை எட்டிப் பார்த்து, "அந்தக் கோடு போட்ட பைஜாமா இன்னும் காயலையா?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டான். தப்பித் தவறிப் பறவை விழுந்த படங்களில் அது ஒரு நீல அரிசி மாதிரி இருக்கிறது. பெரிதாக்கினால் எங்கள் குளியலறை ஓடு மாதிரி கட்டம் கட்டமாக ஆகிவிடுகிறது. அவர்களுடைய கேமராவில் நாற்பத்தைந்து மெகாபிக்சலாம், தங்களுடையதில் பன்னிரண்டு. பன்னிரண்டும் மனசு வைத்து உழைக்கின்றன, ஆனால் என்ன இருந்தாலும் பன்னிரண்டுதானே.

ஷட்டர் சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் முள்ளை மறைத்தவன் ஆவேன். வரிசையில் எல்லாக் கேமராவும் ஊமை. தங்களுடையது 'கடக்' என்கிறது. தொடர்ந்து அமுக்கினால் அந்தப் பறவை எண்ணிக்கொண்டிருந்தது போல, மூன்றாவது 'கடக்'கில் தவறாமல் பறந்துவிடுகிறது. "எவ்வளவு ஆரோக்கியமான சத்தம்!" என்றார் உசாமிசான். இந்தத் தடவை நான் நன்றி சொல்லவில்லை. பேட்டரியோ குளிரைக் கண்டால் உயிரை விட்டுவிடும். வயிற்றுப்பட்டிக்குள் ஒரு சூட்டுப்பை, அதன்மேல் ஒரு பேட்டரி, அதன்மேல் இன்னொரு சூட்டுப்பை என்று கட்டிக்கொண்டு போகிறேன். போன வாரம் ஒரு பெரிய தும்மலில் அத்தனையும் கால்சட்டை வழியாக இறங்கி, பாதத்தில் சூடாக நின்றன. வரிசை முழுவதும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் திரும்பவில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.

இதுவரை முள் எங்கே நின்றது என்று தங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போதே எழுதி அனுப்பியிருந்தால் தாங்களும் அந்த ஒரு வரியை எழுதியிருப்பீர்கள், நானும் கடைக்குப் போயிருப்பேன். ஆனால் தேர்வில் கடைசிக் கேள்வி பாக்கி இருந்தது. மார்ச் மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆண் மீன்கொத்தி தான் பிடித்த மீனை விழுங்காமல், தலைப்பக்கத்தை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போய்ப் பெண்ணுக்குக் கொடுக்கும். கீழ் அலகில் உதட்டுச்சாயம் பூசின மாதிரி சிவப்பு இருந்தால் அது பெண். அந்த இரண்டு அலகும் ஒரே மீனைத் தொடும் கணத்துக்காகத்தான் எங்கள் வரிசை வருஷம் முழுவதும் நிற்கிறது. அதை எடுத்தவரின் படம் ஏப்ரலில் சமுதாயக் கூடத்தில் நடக்கும் கண்காட்சியில் வாசலுக்கு நேரே மாட்டப்படும். நான் நின்ற இத்தனை வருஷத்தில் என் படம் அந்தச் சுவரில் எங்குமே மாட்டப்பட்டதில்லை. போன வருஷம் என்னை நாற்காலி அடுக்கச் சொன்னார்கள்.

கடந்த வெள்ளிக்கிழமை குளத்துக்குப் போனால், பூங்கா அலுவலகம் கழிக்குப் பின்னால் புதிதாக ஒரு பலகையை நட்டிருந்தது. 'பறவைகளை நிம்மதியாக வாழ விடுங்கள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீன்கொத்தியை வரைந்திருந்தார்கள். சின்னதாக வரைந்திருக்கக் கூடாதா? வான்கோழி அளவு. கண் மட்டும் ஒரு மாண்டரின் ஆரஞ்சு அளவு. வரிசையில் எல்லோரும் அதைப் பார்த்து, பூங்கா அலுவலகத்தின் அக்கறையை மனதாரப் பாராட்டினோம். அதாவது எல்லோருக்கும் எரிச்சல்.

அன்றைக்கென்று ஃபூமியே தெர்மாஸில் இனிப்புப் பானமும் சோற்று உருண்டையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பேட்டரி சிவப்புக் காட்டியது. சூட்டுப்பையும் மாற்றுப் பேட்டரியும் அக்கரைப் பெஞ்சில் பைக்குள் இருந்தன. கேமராவை அவள் கையில் கொடுத்து, என் மடக்கு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, "இடத்தை விட்டு எழுந்திருக்காதே, போயிடும்" என்று சொல்லிவிட்டு வளைவைச் சுற்றிப் போனேன். பெஞ்சில் பையைத் திறந்தபோது மகரந்தம் தாக்கியது. அசாஹிகாவாவுக்கே கேட்டிருக்கும். தும்மி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வரிசை வரிசையாகவே இல்லை.

பெண் கழியில் உட்கார்ந்திருந்தது. ஆண் மீனோடு வந்திருந்தது. வருஷம் முழுவதும் காத்த கணம்! ஆனால் எல்லாக் கேமராவின் பச்சைக் கட்டமும் பலகையில் வரைந்திருந்த அந்த வான்கோழிக் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. அமுக்க அமுக்க நொடிக்கு முப்பது பலகைப் படம் விழுகிறது. அமுக்குவதற்கு முன்னாலேயும் பலகைதான் விழுந்திருக்கிறது.

"அது இல்ல! கீழ! கீழ பாரு!" என்று உசாமிசான் தன் கேமராவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பல்லைப் பிடுங்கும்போதுகூட அவர் அப்படிக் குரலை உயர்த்தியிருக்க மாட்டார்.

"பறவையைத் தேடாதேன்னு இதுக்கு எங்கய்யா சொல்றது? எந்த மெனு? என் மூக்குக்கண்ணாடி எங்க?" என்று காகெயாமா கத்தினான். மூக்குக்கண்ணாடி அவன் நெற்றியில் இருந்தது. சொல்ல எனக்கு நேரமில்லை. ஓடி வந்தேன், ஃபூமியே கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினேன், வியூஃபைண்டரில் நீலமாக ஏதோ இரண்டு தெரிந்தன, கடக், கடக், கடக் என்று பேட்டரி சாகும்வரை அமுக்கித் தள்ளினேன். மூன்றாவதில் பறவைகள் போய்விட்டன என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன், மைத்துனர் அவர்களே. கடைசிப் படங்களெல்லாம் வழக்கம்போலத் துணி. பைஜாமாவும் இருந்தது. ஆனால் அவற்றுக்கு முந்தைய படம்! இரண்டு அலகும், நடுவில் மீனும், மீனின் கண்ணும், உதட்டுச்சாயமும், எல்லாமே ஊசி முனைக்கு ஊசி முனை. பலகை பின்னால் வெறும் மங்கலான நிறமாக அடங்கிக் கிடக்கிறது. இடது மூலையில் பழுப்பாக ஒரு கலங்கல். சேர்த்துப் பார்த்தால் ஓவியம் மாதிரி இருக்கிறது. பறவை என்றால் என்னவென்றே தெரியாத கேமராதான் அங்கே பறவையை எடுத்தது. மற்ற அத்தனை கேமராவும் பறவையைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு பலகையை எடுத்தன.

மறுநாள் அச்சிட்டு எடுத்துப் போனேன். உசாமிசான் அதை இரண்டு கையாலும் வாங்கி, வெகு நேரம் பார்த்து, எனக்குத் தலை வணங்கினார். குனிந்த ஆழத்தைப் பார்த்தால் உண்மையான வணக்கம். பிறகு அந்தப் பழுப்புக் கலங்கலைக் காட்டி, "இது என்னங்க? இதுதான் படத்தையே தூக்கி நிறுத்துது" என்றார்.

"போன வருஷத்துத் தாமரைத் தண்டு" என்றேன். "நீலத்துக்கு எதிர்ல ஒரு பழுப்பு இருக்கணும். அது சரியான இடத்துல அமையற வரைக்கும் காத்திருந்தேன்."

காகெயாமா இரண்டு நாள் தன் கேமராவின் மெனுவையே நோண்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் தனியாக வந்து, "எப்படிய்யா அமுக்கின? சொல்லித் தொலை" என்றான். பறவை யோசிப்பதற்கு முன்னால் நாம் யோசிக்க வேண்டும், மூச்சைப் பாதியில் நிறுத்த வேண்டும், கேமராவை நம்ப வேண்டும், அது பழையது என்று நாம் நினைப்பது அதற்குத் தெரியக் கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அடுத்தடுத்த இடங்களில் நின்றவர்களும் காது கொடுத்தார்கள். ஃபூமியே தெர்மாஸோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும், எல்லோருக்கும் பானம் ஊற்றிக் கொடுத்தாள். கண்காட்சியில் என் படம்தான் வாசலுக்கு நேரே என்று முடிவாகிவிட்டது. ஒரு தத்தாமி பாய் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டப்போகிறார்களாம். நாற்காலி அடுக்கும் வேலையை இந்த வருஷம் காகெயாமாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே, தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது: தங்கள் கேமரா இந்தக் காலத்துக்குத் தாராளமாக ஈடுகொடுக்கிறது. எழுப்புவதற்கு நேரமாகும், காதில் கேட்ட பிறகுதான் கண்ணில் தெரியும், வயிற்றில் வைத்து அடைகாக்க வேண்டும், எல்லாம் உண்மை. ஆனால் அனுபவசாலியின் கையில் கொடுத்தால் அது யாருக்கும் இளைத்ததில்லை. புதுக் கேமரா ஆசையை நான் விட்டுவிட்டேன். தாங்கள் ஃபூமியேவுக்கு ஒரு வரி எழுதினால் போதும், கேமரா நன்றாக இருக்கிறது என்றும், அதைவிட முக்கியமாக, அது போய்ச் சேர்ந்த கை நல்ல கை என்றும். இரண்டாவதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினால் நல்லது.

தங்கள் துணைவியார் அக்காவின் முழங்கால் வலி பனி உருகும்போது சேர்ந்து உருகட்டும். தங்கள் வீட்டுப் பூனைக்கும் எங்கள் விசாரிப்பு. குளிருக்குப் பிந்தி வரும் வெயில் தங்கள் வீட்டுக் கூரைமேல் முந்தி விழ வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, ஏணிப் பக்கம் போகாதீர்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொண்டு, தும்மலோடு விடைபெறும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்
குசகாபே இசாவோ

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டக் கொடுத்த இடத்தில் ஃபூமியே இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். படித்து முடித்து, தபால்தலையை நிதானமாக ஒட்டிவிட்டு, "அந்த முதல் படம் நான் எடுத்தது" என்றாள். நான் சிரித்தேன். "நீங்க பெஞ்சுக்குப் போயிருந்தப்போ ரெண்டும் வந்து உக்காந்துச்சு. லேசா அமுக்கினேன், பச்சை விளக்கு வந்துச்சு, நல்லா அமுக்கினேன். ஒரே ஒரு தடவை. ரெண்டும் அசையவே இல்ல" என்றாள். அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "எங்க சொல்றது? வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தீங்க. நானும் கத்துக்கிட்டேன்" என்றாள். ஆதாரம் என்ன என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. படத்தைத் திரையில் போட்டு, இடது மூலையில் இருக்கும் அந்தப் பழுப்புக் கலங்கலைப் பெரிதாக்கினாள். அது தாமரைத் தண்டு இல்லை. அது நான். என் பழுப்புக் கோட்டு, வயிற்றைப் பிடித்த கை, தும்மலின் நடுவில் ஆவென்று திறந்த வாய். முன்னால் நின்று அமுக்கியிருக்க வேண்டியவன் பின்னால் நின்று தும்மிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு மெகாபிக்சல் என்பதால் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டை நான் குறை சொன்னதை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். நாற்பத்தைந்தாக இருந்திருந்தால் என் பல்லை வைத்தே உசாமிசான் அடையாளம் சொல்லியிருப்பார். தத்தாமி அளவுக்குப் பெரிதாக்கினால் மூக்கு தெரியுமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும், தயவுசெய்து தொலைபேசியில் சொல்லவும்.

படத்தின் கீழே தன் பெயரைப் போட வேண்டும் என்று மட்டும் ஃபூமியே கேட்டாள், நாளைக்கு உசாமிசானிடம் போய்ச் சொல்கிறேன். மற்றபடி அவள் மிகவும் நல்ல மனநிலையில் இருக்கிறாள். எனக்குப் புதுக் கேமரா வாங்கிக்கொள்ள அனுமதியும் கொடுத்துவிட்டாள். இந்தக் கேமரா அவளிடமே இருக்கட்டுமாம், அண்ணன் கொடுத்தது, நன்றாக எடுக்கிறதாம். திங்கள்கிழமை முதல் வரிசையில் எனக்கும் காகெயாமாவுக்கும் நடுவில் அவளுக்கு ஓர் இடம், காகெயாமா மகிழ்ச்சியோடு நகர்ந்துகொள்வான்.

மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ஒரே ஒரு உதவி. அந்தக் கேமரா இந்தக் காலத்துக்கு ஆகாது, அதில் யாராலும் நல்ல படம் எடுக்க முடியாது என்று தங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஃபூமியேவுக்கு வேண்டாம். எனக்கு மட்டும், தனி உறையில்.